தேதி போடாத ராஜா

திருச்சியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த பாக்கியவான்கள் விராலிமலை தாண்டியதும் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடவும். கொடும்பாளூர் வரும். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு (இப்போதெல்லாம் பார்த்தவர்களுக்கு) அது இளவரசி வானதியின் ஊர். சிலப்பதிகாரத்திலேயே மதுரைக்குப் போகிற வழியில் இந்த ஊர்ப் பெயர் வருகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் பைபாஸ் ரோடு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இந்த ஊர் இலக்கியம் மூலமாகப் பழக்கமில்லை. பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்த ஊர். அதனால் மூவர் கோயிலை ஓசியில் பலமுறை சுற்றி வந்திருக்கிறேன். மூவர் என்று பெயரே தவிர, நிற்பது இரண்டு விமானங்கள்தான். மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கட்டியவர் பூதி விக்கிரமகேசரி என்கிற இருக்குவேளிர் தலைவர். தன் பெயரில் ஒன்று, இரண்டு ராணிகள் பெயரில் ஆளுக்கொன்று. வீட்டில் சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா!

அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து, சமஸ்கிருத சுலோகம். விக்கிரமகேசரியின் முன்னோர் யார் யார், எந்தெந்தச் சண்டையில் யாரை ஜெயித்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. எல்லாம் சொன்ன மனுஷர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். தேதி! எந்த வருஷம் என்று போடவில்லை. விளைவு, அவர் எந்தக் காலத்து ஆள், ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்று பெரிய பெரிய சரித்திரப் பேராசிரியர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியிருக்கிறார்கள்.

ஆபீஸில் மேனேஜர் "லெட்டர்ல டேட் எங்கேப்பா?" என்று எரிந்து விழும்போது இனிமேல் கோபப்படாதீர்கள். ஒரு தேதி இல்லாததால் ஒரு ராஜா ஒரு நூற்றாண்டு முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஆனால் விக்கிரமகேசரி ஒரு நல்ல காரியம் செய்தார். விவரத்தைப் பொது இடத்தில், கல்லில் வைத்தார். அந்தப்புரச் சுவரில் எழுதியிருந்தால் இன்றைக்கு நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. பிற்பாடு புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் படியெடுத்து 1929ல் புத்தகமாகவே அச்சடித்தது. அரசாங்கம் செலவு பண்ணித் திரட்டிய விவரம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதை வைத்துச் சண்டையும் போடலாம். இதற்கு இன்றைய பெயர் 'திறந்த தரவு'. (பயப்படாதீர்கள். தரவு என்றால் டேட்டாதான். உங்கள் செல்போனில் தினமும் ராத்திரி தீர்ந்துபோகிறதே அந்த டேட்டா இல்லை. இது வேறே.)

இன்னொரு கல்வெட்டு இதைவிட ஆச்சரியம். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்தது, பதினோராம் நூற்றாண்டு. அதில் 'வீரசோழன்' என்ற ஆஸ்பத்திரியின் கணக்கு இருக்கிறது. 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை வைத்தியர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், அவர்களுக்கெல்லாம் வருஷச் சம்பளம் எவ்வளவு நெல், எவ்வளவு காசு, கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என்னென்ன... அத்தனையும் கல்லில்! பாஸ்வேர்ட் கேட்கவில்லை. 'நான் ரோபோ இல்லை' என்று டிக் அடிக்கச் சொல்லவில்லை.

ஆக, அரசாங்கத்தின் ஆரோக்கியக் கணக்கு ஜனங்கள் கண்ணில் படவேண்டும் என்பது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம்ம ஊர் கோயில் சுவரிலேயே உண்டு.

இப்போது என்ன நிலைமை?

2012ல் மத்திய அரசு ஒரு கொள்கை அறிவித்தது. மக்கள் வரிப்பணத்தில் திரட்டிய விவரங்களில், ரகசியம் அல்லாததையெல்லாம் மக்களுக்கே திறந்துவிடுவது என்று. அதே வருஷம் 'டேட்டா டாட் கவ் டாட் இன்' என்று ஓர் இணையதளமும் வந்தது. 2017ல் அதற்கென்று ஓர் உரிமம். சட்டப் பாஷையை வடிகட்டினால் விஷயம் எளிது: எடுக்கலாம், மாற்றலாம், புதிதாக ஒன்று செய்யலாம், வியாபாரம்கூடப் பண்ணலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். தனி மனிதர்களின் சொந்த விவரம் இந்த ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

"சரி சார், இதனால் எனக்கு என்ன? நான் என்ன சரித்திரப் பேராசிரியரா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு குடும்ப விவகாரம்.

பெரியம்மாவின் மருமகள் முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாசம். காட்டிக்கொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) "ஆபரேஷன்தான். நாள் பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. டாக்டரைக் கேள்வி கேட்பதா! பெரியப்பா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். பெரியம்மா அழுதுகொண்டு எனக்குப் போன் பண்ணினாள். "நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே தம்பி, பாத்துச் சொல்லேன். எனக்கு மூணும் வீட்லயே பொறந்துச்சு. இப்ப மட்டும் எல்லாப் புள்ளைக்கும் வயித்தைக் கிழிக்கணும்ங்கிறாங்களே, ஏன்?"

இதற்குள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் தீ பற்றிக்கொண்டது. சித்தப்பா ஒருவர் இருக்கிறார். ரிட்டயர் ஆனவர். காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு குட்மார்னிங், ஐந்தே காலுக்கு மருத்துவ ஆலோசனை. 'நூற்றுக்குத் தொண்ணூறு ஆபரேஷன் அநாவசியம், அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு, உடனே பத்துப் பேருக்குப் பகிரவும்' என்று ஒன்றை அனுப்பினார். அத்தை ஒருத்தி 'கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைப்பதே அதிசயம்' என்று பதிலுக்கு ஒன்று. இரண்டுக்கும் எழுதியவர் பெயர் இல்லை. தேதி இல்லை. நம்ம விக்கிரமகேசரியாவது பெயர் போட்டிருந்தார்!

நான் தேடியது தேசிய குடும்ப நல ஆய்வு. 1992-93ல் ஆரம்பித்தது, ஐந்தாவது சுற்று 2019-21ல் நடந்தது. 2015-16ல் நடந்த நாலாவது சுற்றிலிருந்து மாவட்டவாரியாகவும் விவரம் கொடுக்கிறார்கள். நம்ம புதுக்கோட்டைக்கும் தனிச் சீட்டு உண்டு. எல்லாம் இலவசம். ஐந்தாவது சுற்றின்படி தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் நூற்றுக்கு 99.6. (பெரியம்மா காலம் போயே போச்சு.) சிசேரியன் நூற்றுக்கு 44.9. அதற்கு முந்தைய சுற்றில் 34.1தான். இதில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களை மட்டும் எடுத்தால் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36.0. இந்தியா முழுமைக்கும் சராசரி 21.5.

இந்த நம்பர்களைப் பார்த்ததும் சித்தப்பா மாதிரி துள்ளிக் குதிக்கத் தோன்றும். வேண்டாம். இந்த எண்கள் என்ன சொல்லவில்லை என்பதும் முக்கியம். அவை ஏராளமான பிரசவங்களின் சராசரி. பெரியம்மா மருமகளின் வயிற்றில் குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே சொன்னது. மக்கள்தொகை அளவில், நூற்றுக்குப் பத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் உயிரிழப்பு குறைவதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, தேவைப்படுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபரேஷன் கிடைக்கச் செய்வதுதான் முக்கியம் என்று.

அப்படியானால் அந்த எண்ணால் என்ன பிரயோஜனம்? ஒரு கேள்வி கேட்கத் தைரியம் வரும். அவ்வளவுதான், அதுவே பெரிசு. "தனியார்ல நூத்துக்கு அறுபத்துநாலு, கவர்ன்மென்ட்ல முப்பத்தாறு. அதனால காரணம் கேட்கிறதுல தப்பே இல்லை பெரியம்மா. டாக்டர் கோவிச்சுக்கிட்டா இன்னொரு டாக்டர்கிட்டே காமிங்க" என்றேன்.

கேட்டார்கள். "எங்களுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது. உடனே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "பாட்டி, பாருங்க, இது தலை. கீழே இருக்க வேண்டியது மேலே இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். திரும்பலைன்னா ஆபரேஷன் பண்றதுதான் குழந்தைக்கு நல்லது" என்று பெரியம்மாவுக்கே பாடம் எடுத்தார்.

குழந்தை திரும்பவில்லை. ஆபரேஷன்தான் ஆயிற்று. பெண் குழந்தை. (வானதி என்று பெயர் வைக்கச் சொன்னேன். வேறு ஏதோ 'ஷ்'ஷில் ஆரம்பிக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள்.)

முடிவு ஒன்றுதானே, இதற்கு எதற்கு இத்தனை அலைச்சல் என்று சித்தப்பா கேட்டார். பெரியம்மாதான் பதில் சொன்னாள். "போன தடவை பயந்துக்கிட்டு தலையாட்டினோம். இந்தத் தடவை தெரிஞ்சுக்கிட்டு தலையாட்டினோம்."

இதைவிட நன்றாக எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியும் திறந்த தரவுக்கு விளக்கம் எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

*

கணக்கு பொதுவில் இருந்ததால் உயிர் பிழைத்த கதைகளில் ரொம்பப் பிரபலமானது லண்டனில் நடந்தது. 1854 ஆகஸ்ட் கடைசி. சோஹோ பகுதியில் காலரா. ஜான் ஸ்னோ என்ற டாக்டருக்கு, காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று சந்தேகம். அப்போது பெரிய மனிதர்கள் எல்லாரும் நாற்றக் காற்றுதான் காரணம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்னோ பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலை வாங்கினார். அந்தத் தெருக்களில் மட்டும் 83 பேர். ஒவ்வொரு வீடாகப் போய் "எந்தக் குழாயில் தண்ணீர் பிடிச்சீங்க?" என்று கேட்டார். பெரும்பாலும் பிராட் தெரு அடிபம்பு. செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். (பக்கத்திலிருந்த பீர் தொழிற்சாலை ஆட்கள் தப்பித்துக்கொண்டார்கள், அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. இதை வீட்டில் ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.)

இதில் எனக்குப் பிடித்த ஆசாமி ஸ்னோ இல்லை. வில்லியம் ஃபார். பதிவு அலுவலகத்தில் சாவுக் கணக்கெல்லாம் தொகுத்தவர். ஒரு வகையில் நம்ம ஜாதி, ஆபீஸ் உத்தியோகஸ்தர். அவர் காற்றுக் கட்சி. ஸ்னோ சொன்னதை அப்போது நம்பவில்லை. ஆனாலும் கணக்கைக் கொடுத்தார். 'என் கட்சிக்கு ஆகாது, ஃபைல் கிடைக்கலை, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லவில்லை. 1866ல் மறுபடி காலரா வந்தபோது, தன் சொந்தக் கணக்கைப் பார்த்து தண்ணீர்க் கட்சிக்கு மாறினார். கட்சி வேறு, கணக்கு பொது.

நம்ம பக்கத்துக் கதை 2020ல். கொரோனா வந்த மார்ச் மாதம் நாடு முழுக்க எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் என்று ஒரே இடத்தில் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி அறிக்கை விட்டது. தமிழ்நாடு தினமும் சாயங்காலம் பக்கம் பக்கமாக விவரம் கொடுத்தது, ஆனால் பி.டி.எஃப். வடிவில். பி.டி.எஃப். என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மைசூர்பாகு மாதிரி. பார்க்கலாம், எடுக்க முடியாது. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்து திரும்ப டைப் அடிக்க வேண்டும்.

அடித்தார்கள், சார்! கோவிட்19இந்தியா என்ற தளத்தைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். நிறைய இளைஞர்கள். சொந்த வேலை முடிந்தபிறகு ஒவ்வொரு மாநிலத்தின் அறிக்கையையும் பிரித்து, அட்டவணையாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வரை அதை எடுத்தார்கள். 2021 அக்டோபர் 31ஆம் தேதி கடையை மூடினார்கள். மூடும்போது சரக்கைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்படியே பொதுவில் விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் பார்த்த குடும்ப நல ஆய்வின் மாவட்டச் சீட்டுகளும் பி.டி.எஃப்.தான். அதையும் யாரோ புண்ணியவான்கள் அட்டவணையாக மாற்றி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாமெல்லாம் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது இந்த ஊரில் இப்படியும் சில பேர்.

*

நாணயத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசாங்கத்தின் ஆரோக்கியக் கணக்குகள் பலவற்றுக்கு ஊற்றுக்கண் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசாங்க அளவுகோல். (உங்கள் ஊரில் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், சும்மா தமாஷுக்கு.) அந்த நர்ஸம்மா வெயிலில் வீடு வீடாகப் போய், யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு ஊசி பாக்கி என்று எழுதுகிறார். 2008லிருந்து கர்ப்பிணிகள் விவரம் 'பிக்மி' என்ற கம்ப்யூட்டர் பதிவிலும் ஏறுகிறது.

அந்த நோட்டில் இருப்பது எண்கள் இல்லை. பெயர்கள். அது வெளியே வரக்கூடாது. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சென்னையில் 'ஆண், வயது 43, காசநோய்' என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சின்ன ஊரில் அதையே போட்டால் டீக்கடையில் அரை மணியில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் அந்த 'ஆண், வயது 43' முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். கூட்டுத்தொகை ஊருக்குச் சொந்தம், தனிப்பட்ட வரி அவரவருக்குச் சொந்தம். 2023ல் தனிநபர் விவரப் பாதுகாப்புக்கு ஒரு சட்டமே வந்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் நமக்கே அந்தக் கூச்சம் வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மாமா, கையில் குழாயோடு, ஃபேமிலி குரூப்பில் போட்டோ! அவரைக் கேட்டார்களா?

அரசாங்கம் திறப்பது ஒரு பக்கம். நாமே ஒருவருக்கொருவர் திறந்துவைப்பது இன்னொரு பக்கம். தமிழ் விக்கிப்பீடியா 2003லிருந்து நடக்கிறது. 2004லிருந்து விக்கிமீடியா பொதுவகம். மூவர் கோயில் போட்டோக்கள் அங்கே இருக்கின்றன. யாரோ வெயிலில் நின்று எடுத்து, 'என் பெயர் போட்டால் போதும், எடுத்துக்கோங்க' என்று வைத்திருக்கிறார்கள். பேங்க் வட்டி மாதிரிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. பெயர், ஒரே ஒரு பெயர். அதையும் வெட்டி எறிந்துவிட்டு, சொந்த வாட்டர்மார்க் அடித்துப் போடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். விமானத்துக்கு ராணி பெயரை வைத்த விக்கிரமகேசரி எங்கே, இவர்கள் எங்கே!

சர்க்கரை நோய், காசநோய், ரத்தசோகை பற்றி நல்ல தமிழில், ஆதாரத்தோடு எழுதுவதற்கு ஆள் வேண்டும். டாக்டராக இருக்க வேண்டாம். டாக்டர்கள் சொன்னதை, எங்கே எப்போது சொன்னார்கள் என்ற குறிப்போடு ஒழுங்காக எழுதத் தெரிந்தால் போதும். ஆபீஸில் நோட்டிங், டிராஃப்டிங் எழுதுகிற நமக்கு இது வராதா? சித்தப்பாவின் ஐந்தே கால் மணி வைத்தியத்துக்கு வேறு மாற்று மருந்து கிடையாது.

நான் குடும்ப குரூப்பில் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறேன். எந்த ஆரோக்கியச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி. யார் சொன்னது? எந்த வருஷம்? எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் செய்தி உள்ளே வரக்கூடாது. சித்தப்பா இரண்டு நாள் மௌன விரதம் இருந்தார். மூன்றாம் நாள் ஒன்று அனுப்பினார், ஆதாரம், வருஷம், பக்க எண் எல்லாவற்றோடும்.

தேசிய குடும்ப நல ஆய்வு, ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள ஆண்கள் நூற்றுக்கு 37.0. முந்தைய சுற்றில் 28.2.

கீழே ஒரு வரி: "தம்பி, நீ எந்தப் பக்கம்?"

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் பஜ்ஜி போடுகிற வாசனை வந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பதில் தெரியும். ஆனால் தனிநபர் விவரத்தை வெளியிட மாட்டேன். சட்டம் இருக்கிறது!